குழந்தைகள் மருத்துவமனையில் சுவாச சிகிச்சையாளர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடித்துவிட்டு என்ன படிக்கலாம் என்று யோசிக்கும் பிள்ளைகளும், ஐ.சி.யூ. வாசலில் காத்திருக்கும் அப்பா அம்மாக்களும் என்னிடம் கேட்பவை இவை. சென்னையில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பதில்களைச் சொல்கிறேன்.

சுவாச சிகிச்சையாளர் என்றால் டாக்டரா, நர்ஸா?

இரண்டும் இல்லை. மூச்சு சம்பந்தப்பட்ட சிகிச்சைக்கென்றே படித்து வருகிறவர். ஆஸ்பத்திரிக்குள் ஆர்.டி. என்று கூப்பிடுவார்கள். யூனிஃபார்மில் இருக்கும் பெண் யாரானாலும் பெற்றோருக்கு சிஸ்டர்தான் என்பதால் என்னையும் சிஸ்டர் என்றே கூப்பிடுகிறார்கள்.

ஆக்சிஜன், நெபுலைசர் கொடுப்பது, சளியை உறிஞ்சி எடுப்பது, மூக்கு வழியாக மெல்லிய காற்றழுத்தம் கொடுக்கும் சி-பாப், வென்டிலேட்டர் போன்ற கருவிகளைப் பொருத்தி அந்தந்தக் குழந்தைக்கு ஏற்றபடி அமைப்பது, ரத்தத்தில் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் எவ்வளவு என்று ஏ.பி.ஜி. எடுத்துப் பார்ப்பது, கடைசியில் குழந்தையைக் கருவியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுவிப்பது எல்லாம் எங்கள் பொறுப்பு. என்ன சிகிச்சை என்று முடிவெடுப்பவர் டாக்டர். ஆனால் படுக்கை அருகிலேயே நிற்பவர்கள் நாங்களும் நர்ஸ்களும். “டாக்டர், பையன் தானாகவே நன்றாக மூச்சு விடுகிறான், அளவைக் குறைத்துப் பார்க்கலாமா?” என்று முதலில் கேட்க வேண்டியது பல நேரம் நாங்கள்தான். தனியாக ஆர்.டி. இல்லாத மருத்துவமனைகள் நம் நாட்டில் நிறைய உண்டு. அங்கே இந்த வேலையையும் டாக்டர்களும் நர்ஸ்களுமே சேர்த்துப் பார்க்கிறார்கள்.

பெரியவர்களுக்குப் பார்க்கிற அதே வேலைதானே, அளவு மட்டும்தானே சின்னது?

இப்படி நினைத்துக்கொண்டு குழந்தைகள் வார்டுக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே திகைத்துப்போவார்கள். கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் விட்டத்தை 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உட்சுவர் சுற்றிலும் வெறும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் மிஞ்சும் வழி 2 மில்லிமீட்டர். விட்டம் பாதியானால் காற்றுக்கு ஏற்படும் தடை இரண்டு மடங்கு அல்ல, 16 மடங்கு ஆகிறது. 8 மில்லிமீட்டர் குழாயில் அதே வீக்கம் வந்தால் தடை 3 மடங்குக்குச் சற்றே கூடுகிறது. பெரியவருக்குத் தொண்டை கட்டுகிற அளவு சளிக்காய்ச்சல், குழந்தைக்கு ஐ.சி.யூ. வரை போவது இதனால்தான்.

இன்னொன்று, கைக்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள். மூக்கு அடைத்தால் பாலும் குடிக்க முடியாது, தூங்கவும் முடியாது. விலா எலும்புகள் மிருதுவானவை என்பதால் இழுத்து மூச்சு விடும்போது மார்புக்கூடே உள்ளே அமுங்கும். எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு ஆக்சிஜன் அவர்களுக்குச் செலவாகிறது. அதனால் மூச்சு நின்றால் நமக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.

வென்டிலேட்டருக்காக மூச்சுக்குழாய்க்குள் போடும் டியூப் விஷயமும் அப்படித்தான். குறைமாதக் குழந்தைக்குப் போடும் டியூபின் உள்விட்டம் 2.5 மில்லிமீட்டர். பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாய் நீளமே 4, 5 சென்டிமீட்டர்தான். தலை முன்னால் குனிந்தால் டியூப் உள்ளே இறங்கும், பின்னால் நிமிர்ந்தால் மேலே ஏறும். இரண்டு பேர் சேர்ந்து பிடித்துத்தான் குழந்தையைத் திருப்பிப் படுக்க வைப்போம். 1 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு மூச்சில் போக வேண்டிய காற்று 4 முதல் 6 மில்லி. அதற்கு மேல் அழுத்தித் தள்ளினால் நுரையீரலே காயப்படும்.

ஒரு ஷிஃப்ட் எப்படிப் போகும்?

முந்தைய ஷிஃப்ட் ஆளிடம் ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் கேட்டுக்கொள்வோம். அப்புறம் படுக்கை படுக்கையாகப் போய், அவசரத்துக்குக் கையால் காற்றுக் கொடுக்கும் ஆம்பு பேக் இருக்கிறதா, முகத்துக்குப் பொருந்தும் அளவில் மாஸ்க் இருக்கிறதா, சக்‌ஷன் என்ற சளி உறிஞ்சும் கருவி இழுக்கிறதா, டியூப் உதட்டருகே எத்தனை சென்டிமீட்டரில் ஒட்டியிருக்கிறது, ஈரப்பதக் கருவியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு ரவுண்ட்ஸ், நெபுலைசர், ஏ.பி.ஜி., ஸ்கேனுக்குக் குழந்தையைக் கருவியோடு கொண்டுபோய்த் திரும்புவது. நடுவில் எப்போது வேண்டுமானாலும் எமர்ஜென்சியிலிருந்து கூப்பிடுவார்கள். இரவு ஷிஃப்ட், பண்டிகை நாள் ஷிஃப்ட் எல்லாம் உண்டு. மழைக்காலத்தில் மூச்சிரைப்போடு வரும் கைக்குழந்தைகளால் வார்டு நிரம்பிவிடும்.

குழந்தை மூச்சுக்குத் திணறுகிறது என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

முதலில் சட்டையைக் கழற்றிப் பார்ப்போம். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமும் இதுதான், ஏனென்றால் எல்லோருடைய கண்ணும் நேராக மானிட்டருக்குத்தான் போகிறது. மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 96 என்று காட்டும். ஆனால் அந்த 96-ஐத் தக்கவைக்கக் குழந்தை எவ்வளவு பாடுபடுகிறது என்பதை அது காட்டாது. அது மார்பில்தான் தெரியும்.

விலா எலும்புகளுக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுகிறதா? கழுத்துக் குழி உள்ளே இழுக்கிறதா? மூக்கு விடைக்கிறதா? மூச்சோடு சேர்ந்து தலை ஆடுகிறதா? மூச்சை வெளியே விடும்போது ‘ம்...ம்...’ என்று முனகல் வருகிறதா? அந்த முனகலை வலியால் வருவது என்று பல பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில், சுருங்கி மூடிக்கொள்ளப் பார்க்கும் காற்றறைகளைத் திறந்து வைக்க, குழந்தை தன் தொண்டையைப் பாதி மூடிக்கொண்டு மூச்சு விடுவதால் வரும் சத்தம் அது.

மூச்சை எண்ணுவதென்றால் ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது குழந்தைகளிடம் சரிவராது, அவர்கள் சீராக மூச்சு விடுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, அமைதியாக இருக்கும்போது 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு. 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50. ஒன்றிலிருந்து 5 வயதுக்குள் 40. இதைப் பெற்றோரும் வீட்டிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

இதில் ஏமாந்துவிடக்கூடிய இடம் ஒன்று உண்டு. இவ்வளவு நேரம் அழுது ஆர்ப்பாட்டம் செய்த குழந்தை திடீரென்று அமைதியாகிவிட்டால், அப்பாடா தூங்கிவிட்டான் என்று தோன்றும். மூச்சு எண்ணிக்கையும் குறைந்து கண் சொருகியிருந்தால் அது தூக்கமில்லை. குழந்தை களைத்துவிட்டது. அந்த நேரத்தில்தான் நாங்கள் ஓடுவோம்.

குழந்தையை ஏன் அம்மா மடியிலேயே வைத்து ஆக்சிஜன் கொடுக்கிறீர்கள்? படுக்க வைக்க வேண்டாமா?

மடியில் இருப்பதும் சிகிச்சைதான். குறுகிய மூச்சுக்குழாயில் காற்று வேகமாகப் போகப்போகத் தடை கூடும். அழுகிற குழந்தை வேகமாக இழுக்கும், இன்னும் திணறும். நாய் குரைப்பது போன்ற இருமலோடு வரும் குரூப் நோயில் இது கண்ணுக்கு நேராகத் தெரியும். படுக்க வைத்து மாஸ்கை அழுத்தினால் மோசமாகிற குழந்தை, அம்மா தோளில் சாய்ந்து உட்கார்ந்தால் பாதி அடங்கிவிடும். அதனால் முடிந்தவரை எல்லாவற்றையும் மடியில் வைத்தே செய்கிறோம். அம்மா மயங்கிவிழுகிற நிலையில் இருந்தால் அப்பாவோ பாட்டியோ வாங்கிக்கொள்வார்கள்.

குறைமாதக் குழந்தைகளுக்கு மூக்கில் குழாய் வைத்து, பக்கத்தில் பாட்டிலில் தண்ணீர் குமிழி விடுகிறதே, அது என்ன?

அதுதான் பபிள் சி-பாப். என்.ஐ.சி.யூ.வில், அதாவது பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில், எனக்கு மிகவும் பிடித்த கருவி இது. நுரையீரலின் காற்றறைகள் மூச்சு விட்டதும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, சர்ஃபேக்டன்ட் என்ற வழுவழுப்பான பொருள் உள்ளே பூசினாற்போல இருக்கும். தாய் வயிற்றில் கடைசி வாரங்களில்தான் அது போதுமான அளவு சுரக்கிறது. முன்னதாகவே பிறந்துவிட்டால் ஒவ்வொரு மூச்சையும் ஒட்டிப்போன பலூனை ஊதுவது போலப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பொருள் இல்லாததுதான் காரணம் என்று 1959-இல் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் கண்டுபிடித்தார்கள். ஆனாலும் அதற்கு மருந்து வர வெகு காலம் ஆனது. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இதே நோயால் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். அதிபர் வீட்டுக் குழந்தைக்கே அன்று செய்ய எதுவும் இருக்கவில்லை. 1971-இல் ஜார்ஜ் கிரிகரியும் அவருடைய சகாக்களும் தொடர்ந்து மெல்லிய காற்றழுத்தம் கொடுத்து இந்தக் குழந்தைகளைக் காப்பாற்றலாம் என்று காட்டினார்கள். அதுதான் சி-பாப். 1980-இல் ஜப்பானில் ஃபுஜிவாராவின் குழு சர்ஃபேக்டன்டையே மூச்சுக்குழாய் வழியாகக் கொடுத்தது. இன்று பேட்ரிக் அளவுக்கு வளர்ந்து பிறக்கும் குழந்தை நல்ல என்.ஐ.சி.யூ.வில் பெரும்பாலும் பிழைத்து வீட்டுக்குப் போகிறது.

கருவி மிக எளிமையானது. குழந்தை மூச்சு விடும் குழாயின் மறுமுனையைத் தண்ணீருக்குள் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்தால், நுரையீரலில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் அழுத்தம் நிற்கும். குமிழி வந்துகொண்டிருந்தால் அழுத்தம் இருக்கிறது. குமிழி நின்றால் எங்கோ காற்று கசிகிறது. பல நேரம் குழந்தை வாய் திறந்திருக்கும், அல்லது மூக்கிலிருந்து குழாய் நழுவியிருக்கும்.

கஷ்டமெல்லாம் அந்த மூக்கில்தான். இரண்டு நாசிகளுக்கும் நடுவே உள்ள சுவர் குறைமாதக் குழந்தைக்குக் காகிதம் போல் இருக்கும். குழாய் அதன்மேல் அழுந்தினால் சில மணி நேரத்திலேயே சிவந்து புண்ணாகிவிடும். குழாய்க்கும் சுவருக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி விட்டு, தலைக்குல்லாவை நெற்றியில் சரியாக இறக்கி, இரண்டு பக்கமும் சமமாக இழுத்துக் கட்ட வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்கிற ஆள் இருந்தால் வென்டிலேட்டரே தேவைப்படாமல் தப்பிக்கும் குழந்தைகள் பலர்.

ஆக்சிஜனையும் அள்ளிக் கொடுக்கக் கூடாது. அதிகமானால் வளரும் விழித்திரை கெட்டுப் பார்வை போகலாம். அதனால் ஆக்சிஜன் கொடுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கு மானிட்டரில் காட்டும் ஆக்சிஜன் அளவு 90-க்கும் 95-க்கும் நடுவே நிற்கும்படி பார்த்துக்கொள்கிறோம். “ஏன் சிஸ்டர் 100 வரவில்லை?” என்று பதறும் பெற்றோரிடம் இதைத்தான் சொல்வேன்.

வென்டிலேட்டரில் போட்டால் திரும்பி வராது என்கிறார்களே?

இந்தப் பயத்தால் கையெழுத்துப் போடத் தயங்கி நேரத்தை இழந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வென்டிலேட்டர் நோயைக் குணமாக்காது. உடம்பு தேறி வரும்வரை மூச்சைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். தேறக்கூடிய நோய் என்றால் குழந்தை திரும்பி வரும்.

கட்டுவிரியன் கடிதான் இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம். இரவில் தரையில் பாய் விரித்துத் தூங்கும் பிள்ளைகளைத்தான் அது அதிகம் கடிக்கிறது. கடிவாய் கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம், வீக்கமும் இருக்காது. விடிகாலையில் வயிற்று வலி, தொண்டை வலி என்று சொல்லும் பிள்ளைக்கு மெல்ல இமை தொங்க ஆரம்பிக்கும். அப்புறம் எச்சில் விழுங்க முடியாது, கழுத்து நிற்காது, கடைசியில் மூச்சுத் தசைகளும் அசையாது. பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய விஷத்தைச் சென்னைக்கு அருகே 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது. அந்த மருந்து ரத்தத்தில் சுற்றும் விஷத்தை முறிக்கும். ஆனால் கட்டுவிரியன் விஷம் ஏற்கெனவே கெடுத்துவிட்ட நரம்பு முனைகள் தானாக வளர்ந்து சரியாகத்தான் வேண்டும். அதற்குச் சில நாள் ஆகும். அந்தச் சில நாளும் மூச்சு வென்டிலேட்டர் கையில்.

அப்போது பிள்ளை பார்ப்பதற்கு உயிரே இல்லாதது போல் இருக்கும். கண் திறக்காது, விரல் அசையாது, கண்மணிகூட வெளிச்சத்துக்குச் சுருங்காமல் போகலாம். ஆனால் நாம் பேசுவதெல்லாம் அதற்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம், ஊசி குத்தினால் வலிக்கும். அதனால் சக்‌ஷன் போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் “கண்ணா, சளி எடுக்கப்போறேன், கொஞ்சம் இருமல் வரும், உடனே சரியாயிடும்” என்று காதருகே சொல்லிவிட்டுத்தான் செய்வேன். படுக்கை பக்கத்தில் நின்று யாரும் ‘பிழைக்காது’ என்று பேசக் கூடாது. அம்மாவைக் கூப்பிட்டுக் கதை சொல்லச் சொல்வோம். முதலில் கால் விரல் லேசாக அசையும், அப்புறம் புருவம். சரியான நேரத்தில் வந்து சேர்ந்த பிள்ளைகள் பெரும்பாலும் நடந்தே வீட்டுக்குப் போகிறார்கள்.

இந்த சிகிச்சை பிறந்த கதையும் ஒரு பிள்ளையில்தான் தொடங்குகிறது. 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சு நின்றுகொண்டிருந்த 12 வயதுச் சிறுமிக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்க வைத்தார் பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர். அவள் பிழைத்தாள். அதன் பிறகு சுமார் 1,500 மாணவர்கள் முறைபோட்டு, இரவு பகலாக மற்ற நோயாளிகளுக்குப் பை அமுக்கினார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அதுதான் தொடக்கம்.

எல்லாப் பிள்ளைகளும் திரும்புவதில்லை என்பதும் உண்மை. நுரையீரலோ மூளையோ மீள முடியாதபடி கெட்டிருந்தால் கருவியால் ஒன்றும் செய்ய முடியாது. அதை டாக்டர்கள் மறைக்காமல் சொல்வார்கள்.

நெபுலைசர் நல்லதா, இன்ஹேலர் நல்லதா? பழக்கமாகிவிடாதா?

பழக்கமாகாது. ஸ்பேசர் என்று இன்ஹேலரோடு பொருத்தும் குழலும் மாஸ்கும் சரியான அளவில் வைத்துக் கொடுத்தால், சாதாரண வீசிங்குக்கு இன்ஹேலர் நெபுலைசருக்குச் சற்றும் குறைந்ததல்ல. மாஸ்க் முகத்தில் இடைவெளியில்லாமல் பொருந்தியிருக்க வேண்டும், ஒரு பஃப் அழுத்தியபின் ஐந்தாறு மூச்சு விட வேண்டும், அப்புறம்தான் அடுத்த பஃப். ஸ்பேசர் இல்லாமல் சின்னப் பிள்ளை வாயில் நேராக அடித்தால் மருந்து நாக்கில்தான் படியும்.

இந்த வேலையில் நீங்கள் அடிக்கடி பார்க்கும், தடுத்திருக்கக் கூடிய விஷயங்கள் என்னென்ன?

நிலக்கடலைதான் முதலில். தேங்காய்ச் சில்லு, புளியங்கொட்டை, சீதாப்பழக் கொட்டையும் வரும். கடைவாய்ப் பல் இல்லாத பிள்ளை சிரித்துக்கொண்டே தின்னும்போது உள்ளே இழுத்துவிடும். திடீரென்று ஒரு பெரிய இருமல், பிறகு அடங்கிவிடும். வீட்டில் மறந்துவிடுவார்கள். வாரக்கணக்கில் சளி என்று மருந்து கொடுத்த பின், ஒரு பக்க நுரையீரலில் காற்றுச் சத்தமே இல்லை என்று எங்களிடம் வருவார்கள். மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் பார்க்கும் ப்ராங்கோஸ்கோப் கருவியை விட்டு எடுக்க வேண்டியிருக்கும். 4 வயது வரை முழுக் கடலை வேண்டாம்.

குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடும் பழக்கத்தை தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த எண்ணெய் நுரையீரலில் போய்த் தங்கி, எளிதில் ஆறாத நிமோனியாவை உண்டாக்கும். தொக்கம் எடுக்கிறேன் என்று ஊதுகிறவர்களிடமும் கொண்டுபோகாதீர்கள். சாம்பிராணிப் புகை, கொசுவத்தி, போகியன்று டயர் எரிக்கும் புகை, மூன்றுமே வீசிங் உள்ள குழந்தைக்கு ஆகாது. பாட்டிகள் வருத்தப்படுவார்கள். குழந்தையின் மார்பு இழுப்பதை அவர்களிடமே காட்டிச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

தண்ணீர் பாட்டிலில் மண்ணெண்ணெய், தின்னர் ஊற்றி வைப்பது இன்னும் போகவில்லை. பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, வாந்தியோடு சேர்ந்துதான் அது நுரையீரலுக்குள் போகிறது. அப்படியே 108-ஐக் கூப்பிடுங்கள்.

மனசு தாங்குமா?

எல்லா நாளும் தாங்காது. ஒரு குழந்தை இறந்தால் கருவியின் சத்தத்தை நிறுத்துவது, டியூபை எடுத்து முகத்தைத் துடைத்து அம்மாவிடம் கொடுப்பது எல்லாம் நாங்களும் நர்ஸ்களும்தான். அதை அவசரப்படாமல், மரியாதையோடு செய்ய வேண்டும். நான் கூட வேலை பார்ப்பவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். பேசாமல் அடக்கிக்கொள்கிறவர்கள் சீக்கிரமே வேலையை விட்டுப் போகிறார்கள்.

என்ன படிக்க வேண்டும்?

பிளஸ் டூவில் உயிரியல், வேதியியல், இயற்பியல் படித்திருக்க வேண்டும். பிறகு பி.எஸ்சி. சுவாச சிகிச்சைப் படிப்பு. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி., சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா, கர்நாடகத்தில் மணிப்பால் ஆகிய இடங்களிலும் படிக்கலாம். பொதுவாக மூன்று ஆண்டு வகுப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப். துணை மருத்துவப் படிப்புகளுக்கென்று 2021-இல் தேசிய ஆணையச் சட்டம் வந்தபின் பாடத்திட்டமும் சேர்க்கை விதிகளும் மாறிவருகின்றன, அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சொந்த மருத்துவமனையில் குழந்தைகள் ஐ.சி.யூ.வும் என்.ஐ.சி.யூ.வும் ஓடுகிறதா? இல்லையென்றால் குழந்தையைத் தொடாமலேயே பட்டம் வாங்கிவிடுவீர்கள்.

வெளிநாட்டு வேலை கிடைக்குமா?

வளைகுடா நாடுகளுக்கு நிறையப் பேர் போகிறார்கள். அனுபவச் சான்றும், சான்றிதழ் சரிபார்ப்பும், உரிமத் தேர்வும் தேவை. அமெரிக்கா வேறு மாதிரி. பொதுவாக அவர்களுடைய அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தால்தான் பதிவுத் தேர்வு எழுதவே முடியும். பிறந்த குழந்தைகள், சிறுவர்கள் சிகிச்சைக்கென்று அங்கே தனிச் சிறப்புத் தேர்வும் உண்டு.

வேலைக்கான நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள்?

இந்தக் கேள்வி அநேகமாக நிச்சயம்: வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு ஆக்சிஜன் அளவு திடீரென்று இறங்குகிறது, என்ன செய்வீர்கள்? கருவியின் பொத்தான்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வேலை கிடைக்காது. முதலில் குழந்தையைக் கருவியிலிருந்து கழற்றி, ஆம்பு பேக்கில் முழு ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். உடனே சரியானால் கோளாறு கருவியில். சரியாகவில்லை என்றால் மார்பைப் பாருங்கள். இரண்டு பக்கமும் எழவே இல்லை, வயிறு உப்புகிறது என்றால் டியூப் வெளியே வந்திருக்கலாம். பை கல்லாக இருந்தால் சளி அடைத்திருக்கலாம், சக்‌ஷன் குழாய் இறங்குகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் எழுந்தால் டியூப் ஆழமாகப் போயிருக்கலாம், அல்லது நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருக்கலாம். பச்சிளம் குழந்தை என்றால் விளக்கை அணைத்துவிட்டு மார்பில் ஒளிவிளக்கை வைத்துப் பார்ப்போம், காற்று சேர்ந்த பக்கம் சிவப்பாகப் பளிச்சென்று தெரியும். இவ்வளவும் செய்துகொண்டிருக்கும்போதே டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அதையும் பதிலில் சேர்த்துச் சொல்லுங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள்.